மலைவெயிலும் ஓநாய் நோயும்

சேலம் நகரில் நின்று வடகிழக்கே நோக்குவோர்க்கு நீலச் சுவர்போல் தோன்றுவது சேர்வராயன் மலை. அதன்மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. ஏரியும் காடும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து மேலே சென்றால் காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் நம்மை வரவேற்கும். இம்மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்து வைத்தவர் 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை என்பது மாணவர்கள் அறிந்த செய்தியே. மலையின் வரலாற்றை விரித்துரைப்பது இன்று என் நோக்கமன்று. ஒரு நோயின் வரலாற்றையும், அதனைக் கண்டறிவதில் மருத்துவ உலகம் பட்ட பாட்டையும் கூற வந்தேன். அந்நோய்க்கு இம்மலையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மலையின் வெயில், மலையின் குளிர், மலையின் காய்ச்சல் ஆகிய மூன்றும் இக்கதையில் வருகின்றன.

நோயின் பெயர் லூப்பஸ். இலத்தீன் மொழியில் இச்சொல் ஓநாயைக் குறிக்கும். முகத்தை அரித்துத் தின்னும் புண்களைக் கண்ட இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள், ஓநாய் கடித்துக் குதறியதுபோல் உள்ளதென்று எண்ணி அப்பெயரை இட்டனர். உவமை பொருத்தமாயிருக்கலாம், ஆனால் அஃது பெருங்குழப்பத்துக்கு வித்தாயிற்று. முகத்தில் புண் செய்யும் நோய் ஒன்றல்ல, பல. அவற்றுள் ஒன்று காசநோய்க் கிருமி தோலைப் பற்றுவதால் வருவது. மற்றொன்று, கிருமி எதுவும் இன்றியே, உடலைக் காக்க வேண்டிய தற்காப்புப் படை தன் உடலையே பகையென்று கருதித் தாக்குவதால் வருவது. முற்றிலும் வேறான இவ்விரண்டும் லூப்பஸ் என்ற ஒரே பெயரைச் சுமந்தன. பாரிசு நகரத்துத் தோல் மருத்துவர் கசெநாவ் 1851இல் இரண்டாவதனைச் 'செந்நிற லூப்பஸ்' என்று வேறுபடுத்திப் பெயரிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வியன்னாவைச் சேர்ந்த ஹெப்ரா, மூக்கின் தண்டிலும் இரு கன்னங்களிலும் படரும் அத்தடிப்பை இறகு விரித்த வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டிருந்தார்.

பெயர்க் குழப்பம் வெறும் ஏட்டுக் குழப்பமாய் நின்றிருந்தால் கவலையில்லை. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் என்பார், செறிந்த விளக்கொளியைப் பாய்ச்சிக் காசநோய் லூப்பஸைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். 1896இல் கோபன்ஹேகனில் இதற்கென ஒரு நிலையமே எழுந்தது. 1903இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. ஒளியே மருந்து என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. ஆனால் செந்நிற லூப்பஸுக்கோ வெயில் நஞ்சு. கதிரவனின் புறஊதாக் கதிர்கள் பட்டால் தோலின் உயிரணுக்கள் சில மடிகின்றன. மடிந்த அணுக்களின் உட்பொருள் வெளிப்படவே, ஏமாந்த தற்காப்புப் படை அதன்மேல் பாய்கிறது. நோய் தோலளவில் நில்லாமல் மூட்டு, நுரையீரல் உறை, சிறுநீரகம் என்று உள்ளே மூண்டெழுவதும் உண்டு. ஒரு லூப்பஸுக்கு உயிர் கொடுத்த ஒளி மற்றொரு லூப்பஸுக்கு உயிர் கொள்ளும் ஒளி ஆயிற்று!

இனி மலைக்கு வருவோம். எலும்புருக்கி நோய்க்கு மருந்து காணப்படாத நாளில் நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே மருந்தெனக் கருதப்பட்டன. செல்வர்கள் மலை வாசத்தலங்களை நாடினர். மற்றவர்களுக்கு மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம், தாம்பரம் போன்ற இடங்களில் மருத்துவ நிலையங்கள் எழுந்தன. ஓயாத காய்ச்சல், நெஞ்சில் நீர்க்கோவை, உடல் மெலிவு ஆகிய இவை காசநோயின் அடையாளங்கள். இவையே லூப்பஸின் அடையாளங்களுமாம். இளம்பெண் ஒருத்திக்கு இவை தோன்றின் அன்றைய மருத்துவர் எதனை நினைத்திருப்பார்? ஐயமின்றிக் காசநோயைத்தான். காற்று மாற்றத்துக்கு மலைக்குப் போகச் சொல்லியிருப்பார். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிரின் வலிமை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடும். மலையில் வெப்பம் இல்லை. ஆதலால் வெயில் இல்லை என்று உடல் நினைத்துக்கொள்ளும். மூடுபனியும் அக்கதிரை முற்றும் தடுப்பதில்லை. லூப்பஸ் உடையவளாயின் அவள் குளிர்ந்த வெயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து, நாளுக்கு நாள் நோயை வளர்த்துக்கொண்டிருப்பாள்.

(இடையே ஒன்று சொல்ல வேண்டும். மலைக்காற்று காசநோய்க்கே இன்றியமையாததன்று என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது நம் சென்னை நகரம். 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்தியல் ஆய்வு நிலையம், வீட்டில் இருந்தபடியே மாத்திரை உண்டவர்களும் மருத்துவ நிலையத்தில் படுத்திருந்தவர்களும் ஒப்பவே குணமடைந்ததை 1959இல் வெளியிட்டது. இதனை நாம் போதிய அளவு பெருமையுடன் பேசுவதில்லை.)

மலைக்கு வந்தவளை விடுத்து, மலையிலேயே வாழ்பவளைக் கருதுவோம். கார்த்திகை தொடங்கி மாசி வரை காப்பிப் பழம் பறிக்கும் பெண் ஒருத்தி. காலையில் விரல் கணுக்கள் மடங்க மறுக்கின்றன. வேலையின் களைப்பு என்று எல்லாரும் சொல்வர். பனியில் விரல் நுனி வெளுத்துப் பின் நீலமாகிறது. 1862இல் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த குறி அது. ஆயினும் குளிரில் விறைத்ததென்று மலையில் யார்தாம் எண்ணமாட்டார்? தலைமயிர் கொட்டுகிறது, அதற்குத் தண்ணீர்மேல் பழி. கன்னத்தில் நிறம் மாறுகிறது. ஐரோப்பியப் பாடநூல்கள் அதனைச் சிவப்பு என்று எழுதின. நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் அது சிவப்பாய்த் தோன்றுவது அரிது, கருமையாகவே படரும். 'மங்கு விழுந்திருக்கிறது' என்று பாட்டி மஞ்சள் அரைத்துப் பூசுவாள். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்பை மட்டும் இத்தடிப்பு பெரும்பாலும் தொடாமல் விடும் என்பது தேர்ந்த கண்ணுக்குத் தெரியும் நுட்பம். ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொய்க்காரணம் ஆயத்தமாய் இருப்பதே இந்நோயின் கொடுமை. நோயுற்றவர்களில் பத்துக்கு ஒன்பதின்மர் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலார் பிள்ளை பெறும் வயதினர் என்பதை நினைவிற் கொண்டால், 'பெண்பிள்ளைகளுக்கு ஏதேனும் ஒரு நோவு இருந்துகொண்டே இருக்கும்' என்று எத்தனை வீடுகளில் தள்ளிவிட்டிருப்பர் என்பதும் விளங்கும்.

நோய் தோலோடு நிற்பதன்று, உடல் முழுதும் பரவுவது என்று 1872இல் வியன்னாவின் கப்போசி எழுதினார். பால்டிமோர் நகரில் இருந்த ஆஸ்லர் 1895 முதல் எழுதிய கட்டுரைகளில் சிறுநீரகமும் மூட்டும் நெஞ்சும் தாக்கப்படுவதை விளக்கினார். ஆயினும் இதுதான் நோய் என்று சுட்டிக் காட்ட ஒரு சோதனை இல்லை.

முதற்சோதனை வந்த வழி விந்தையானது. அது வேறு நோய்க்குரிய சோதனை. 1906இல் வாசர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் மேகநோயைக் குருதியில் கண்டறியும் முறையை வகுத்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே, மேகநோய் அறவே இல்லாத லூப்பஸ் நோயாளிகளின் குருதியும் அச்சோதனையில் 'உண்டு' என்று விடை சொல்வதைக் கண்டனர். சோதனையில் பயன்பட்டது மாட்டின் நெஞ்சுத் தசையிலிருந்து எடுத்த கொழுப்புப் பொருள். லூப்பஸ் நோயாளியின் குருதியில் உள்ள எதிர்ப்பொருள்கள் அக்கொழுப்பையும் பற்றிக்கொண்டன. அமெரிக்காவில் மணத்துக்கு முன்னர் இச்சோதனை கட்டாயமாக்கப்பட்ட மாநிலங்களில் மாசற்ற பெண்கள் பலர்மீது வீண்பழி விழுந்தது. அவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஜோசப் மூர் என்பார், அவர்களுட் சிலருக்குப் பின்னாளில் லூப்பஸ் தோன்றியதை 1950களில் எடுத்துக்காட்டினார். பொய்யாய்ப் போன விடையே வரப்போகும் நோயின் முன்னறிவிப்பாய் இருந்தது. நம் நாட்டில் ஒரு பெண்ணைப் பற்றி இப்படியொரு தாள் வீட்டுக்கு வந்தால் என்ன நிகழும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

லூப்பஸுக்கென்றே உரிய சோதனை 1948இல் பிறந்தது. அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தில் ஹார்கிரேவ்ஸ் என்பவர் எலும்பு மஞ்ஞையை நுண்ணோக்கியில் ஆராய்கையில், வெள்ளணு ஒன்று மற்றோர் அணுவின் உட்கருவை விழுங்கி வயிறு புடைத்து நிற்கக் கண்டார். ரிச்மண்டு அம்மையாரும் மார்ட்டனும் துணைநிற்க அதனை வெளியிட்டார். 'எல்.இ. அணு' என்று அதற்குப் பெயராயிற்று. இந்த விழுங்கல் பெரும்பாலும் உடலுக்குள் நிகழ்வதன்று. எடுத்த குருதி குழாயில் சற்றே நின்றபின் நிகழ்வது. எடுத்தவுடனே ஆராயும் விரைவுடையவர்கள் அதனைக் காணவில்லை! இச்சோதனைக்குப் புதுக்குருதி வேண்டும். இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். கட்டியை நசுக்கி, வெள்ளணுக்களைப் பிரித்து, சாயமேற்றி, நூற்றுக்கணக்கான அணுக்களை ஒருவர் பொறுமையாய்த் தேட வேண்டும். மலைமேல் எடுத்த குருதியைக் கீழே அனுப்பி அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடவாது. நோயாளியே இறங்கி நகருக்குச் செல்ல வேண்டும். சென்றாலும் நோயுள்ளவர் பலரிடம் அவ்வணு அகப்படாது. தொழுநோயாளர் சிலரிடமோ அகப்பட்டுவிடும். பல பத்தாண்டுகள் கோலோச்சிய அச்சோதனை பின்னர் வழக்கொழிந்தது.

அதனை வீழ்த்தியது 1957இல் ஃப்ரியூ அறிமுகப்படுத்திய ஒளிர்முறை. கண்ணாடிச் சில்லில் உயிரணுக்களைப் பரப்பி, அதன்மேல் நோயாளியின் குருதித் தெளிவை ஊற்றுவர். உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால் அது சென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைக் கண்ணுக்குக் காட்ட ஒளிரும் சாயம் பூசிய மற்றொரு பொருளை விட்டு, புறஊதா ஒளியில் நுண்ணோக்கியால் நோக்குவர். இருளில் உட்கருக்கள் பச்சையாய் மின்னும். நோயை மூட்டிவிடும் அதே ஒளியே நோயைக் காட்டவும் பயன்பட்டது. இதுவே இன்று ஏ.என்.ஏ. என்று வழங்கும் சோதனை. லூப்பஸ் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டுப் பேரை இது தப்பவிடாது.

அப்படியாயின் சிக்கல் தீர்ந்ததா? தீரவில்லை. கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் இவ்விடத்தில் செவிசாய்க்க வேண்டும். குருதித் தெளிவை 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், எம்மட்டும் ஒளிர்கிறது என்று பார்ப்பது முறை. பல நாட்டு ஆய்வகங்கள் ஒன்றுகூடி நலமுள்ள மனிதர்களையே சோதித்து 1997இல் ஒரு கணக்கை வெளியிட்டன. 40 மடங்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேருக்கும், 80 மடங்கில் 13 பேருக்கும், 160 மடங்கிலும்கூட 5 பேருக்கும் ஒளிர்ந்தது. அவர்களுக்கோ நோயில்லை. மறுபுறம், டெல்லியை அடுத்த சிற்றூர்களில் மாளவியாவும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டபடி, லூப்பஸ் உள்ளோர் லட்சத்துக்கு ஏறக்குறைய மூவர். இப்பொழுது ஒரு லட்சம் பேரை வரிசையில் நிறுத்தி 160 மடங்கில் சோதித்தால் என்ன ஆகும்? நோயுள்ள மூவரோடு நோயற்ற ஐயாயிரவரும் கைதூக்குவர். ஏற்காடு வட்டத்தில் வாழ்வோர் ஏறத்தாழ நாற்பதாயிரவர். அவர்கள் எல்லாரையும் சோதித்தால் ஒருவரோ இருவரோ நோயாளிகள், இரண்டாயிரவர் வீணாய்க் கலங்கியவர்கள். கேள்வி கேட்கத் தெரியாதவன் கையில் மிக நல்ல சோதனையும் அச்சுறுத்தும் கருவியாகிவிடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

வெப்ப நாடுகளில் இத்தொல்லை இரட்டிப்பு. மலேரியா, தொழுநோய், காசநோய் போன்ற நெடுநாள் தொற்றுகள் உடலின் தற்காப்புப் படையை ஓயாது கிளறுவதால் இத்தகைய எதிர்ப்பொருள்கள் குருதியில் மிதக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரையே சிலருக்கு லூப்பஸ் போன்ற நிலையை உண்டாக்கும். மருந்தை நிறுத்தினால் அது நீங்கும். சேலம் மாவட்டத்து மலைகள் பலவும் ஒரு காலத்தில் மலைக்காய்ச்சலுக்குப் பேர்போனவை. அங்கே ஒருவரின் குருதி ஒளிர்ந்தால் அதற்குக் காரணம் லூப்பஸா, பழைய காய்ச்சலா என்று எவ்வாறு சொல்வது?

இக்காய்ச்சலுக்கும் நம் நோய்க்கும் இன்னும் வியப்பான உறவு ஒன்று உண்டு. நைஜீரியாவில் பணியாற்றிய கிரீன்வுட் என்னும் மருத்துவர், மலேரியா மிகுந்த அந்நாட்டில் தன்னுடல் தாக்குநோய்கள் மிக அரிதாயிருப்பதை 1968இல் சுட்டினார். பின்னர் இயல்பாகவே லூப்பஸ் வரும் எலியினத்துக்கு மலேரியாவைத் தொற்றச் செய்தபோது அவற்றின் நோய் தணிந்ததை 1970இல் அவர் குழு வெளியிட்டது. மருந்தின் கதையும் இதையொட்டியதே. இலண்டனில் பெய்ன் என்பவர் 1894இலேயே செந்நிற லூப்பஸுக்குக் கொயினா கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு வழங்கிய மெபாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரை லூப்பஸ் தடிப்பைத் தணிப்பதை 1951இல் பேஜ் என்பவர் வெளியிட்டார். அவ்வழியில் 1955 முதல் வழக்கிற்கு வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினே இன்றும் லூப்பஸ் மருத்துவத்தின் அடித்தளம். காய்ச்சலுக்கென்று ஆக்கிய மாத்திரை, காய்ச்சல் ஒழிந்த மலையிலும் தேவைப்படுகிறது. நெடுநாள் உண்போர் கண்ணின் விழித்திரையை மட்டும் காலந்தோறும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்நோய்க்கென்று தனிக்கண் திறந்தது 1970களில். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் ஏ. என். சந்திரசேகரன் முடக்குநோய்க்கும் இவ்வின நோய்களுக்கும் தனித்துறையை வளர்த்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இதற்கெனத் தனித்துறை அமைந்தது. சேலத்தில் இரயிலேறிச் சோலையார்பேட்டை வழியே காட்பாடியில் இறங்கும் நோயாளிகள் கூட்டத்தில் இத்தகையோரும் இருப்பர்.

ஒற்றைச் சோதனை போதாதென்று கண்ட மருத்துவர்கள் குறிகளைத் தொகுத்து எண்ணும் முறையை வகுத்தனர். அமெரிக்க முடக்குநோய்க் கழகம் 1971இல் முதற்பட்டியலை வெளியிட்டது. 1982இல் திருத்திய பட்டியலில் பதினொரு குறிகள்; நான்கு பொருந்தினால் லூப்பஸ். 2019இல் ஐரோப்பியரும் அமெரிக்கரும் கூடி வகுத்த முறையில், 80 மடங்கில் ஏ.என்.ஏ. ஒளிர்வது வாயில், உள்ளே நுழைந்தபின் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எடை, மொத்தம் பத்துப் புள்ளி எட்ட வேண்டும். இவையெல்லாம் ஆராய்ச்சிக்கு நோயாளிகளைத் தெரிந்தெடுக்கவே வகுத்தவை. முன்னே அமர்ந்திருக்கும் நோயாளியை அறிய மருத்துவரின் தீர்ப்பே வேண்டும்.

இவ்விடத்தில் எனக்கு ஏற்காட்டுத் தேவாலயத்தில் நினைவுச் சின்னம் கொண்டுள்ள இராபர்ட் புரூஸ் ஃபூட் நினைவுக்கு வருகிறார். 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து, இது இயற்கை உடைத்த கல்லன்று, மனிதன் செதுக்கிய கருவி என்று அறிந்தவர். முதுமையில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் அது தற்செயலாகலாம். பல சில்லுகள், இருபுறமும், ஒரே விளிம்பை நோக்கிப் பெயர்ந்திருந்தால் அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. காய்ச்சலும் மூட்டுவலியும் மங்கும் மயிருதிர்வும் தனித்தனியே எடுத்தால் ஒன்றுமில்லை. ஒருத்தியிடம் சேர்ந்து வந்தால் மருத்துவர் நின்று நோக்க வேண்டும். அப்போதுதான் ஏ.என்.ஏ. என்ற கேள்வி பொருளுடையதாகும். அதன் பின்னரே, லூப்பஸுக்கு மிகவும் உரியனவான இரட்டை இழை டி.என்.ஏ. எதிர்ப்பொருளையும், டான், குங்கெல் இருவரும் 1966இல் கண்ட எஸ்.எம். எதிர்ப்பொருளையும் தேட வேண்டும். இவை இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. இல்லாவிட்டாலோ நோயில்லை என்று சொல்ல இயலாது; எஸ்.எம். எதிர்ப்பொருள் நோயாளிகளுள் ஏறத்தாழ நாலில் ஒருவரிடமே காணப்படுகிறது.

இத்தனை அருமையான சோதனைகளுக்கு நடுவே மிகப் பழையதும் மிக மலிவானதுமான ஒன்று ஓரத்தில் நிற்கிறது. லூப்பஸ் உயிரைக் குடிக்கும் வழிகளுள் முதன்மையானது சிறுநீரகம். அது கெடத் தொடங்கும்போது வலி இராது. முகம் சற்றே அதைத்திருக்கும், சிறுநீரில் நுரை கட்டும், அவ்வளவே. 1827இல் இலண்டனின் ரிச்சர்டு பிரைட் ஒரு கரண்டியில் சிறுநீரை விட்டு மெழுகுவத்திமேல் காய்ச்சிப் புரதத்தைக் கண்டார். அதற்கு ஒளிரும் சாயமும் வேண்டாம், சென்னைக்குப் பயணமும் வேண்டாம். மலைமேலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு சாராய விளக்கும் போதும். காப்பித் தோட்டத்துப் பெண் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டு வந்து நிற்கும் அன்றே அவளுடைய சிறுநீரைக் குழாயில் எடுத்து மேற்பாகத்தைச் சூடு காட்டலாம். தயிர்த் தெளிவுபோல் வெண்மங்கல் எழுந்து, ஓரிரு துளி அசிட்டிக் அமிலம் விட்ட பின்னும் அது கலையாமல் நின்றால், அவளை மறுநாளைக்கு என்று தள்ளாமல் அடுத்த பேருந்திலேயே சேலத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.